கோணல் ஜோடிக்கு என் பதில்

இன்று காலை உன் செருப்பு உதிர்ந்துபோயிற்று.

கிறிஸ்துமஸ் வருகிறதே என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருந்தார். பீரோவை நகர்த்தணும், மேலே இருக்கிறதை எல்லாம் இறக்குங்கம்மா என்றார். ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய நட்சத்திரக் கூடு, பிள்ளைகளின் சர்டிபிகேட் ஃபைல், அதற்கும் பின்னால் அந்தப் பாலித்தீன் பை. பிரித்தவுடன் செருப்பு ஒட்டும் சொல்யூஷன் வாசனை. இத்தனை வருடம் கழித்தும் மூக்கில் ஏறியது. ஜோடியைக் கையில் எடுத்தேன். அடிப்பாகம் பொலபொலவென்று மாவாகத் தரையில் கொட்டியது. மேல்தோலும் மூன்று பட்டைகளும் மட்டும் கையில் நின்றன.

"இன்னாம்மா, எலி கட்ச்சிடுச்சா?" என்றார் அவர்.

"இல்லப்பா. போடாம வெச்சா அப்டித்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சு இல்லை, உன் பேச்சு. "போடாத செருப்புதான்டி சீக்கிரம் கெடும்" என்பாய். இந்த வகை அடிப்பாகத்தின் குணமே அப்படி. தினமும் மிதித்தால் வருடக்கணக்கில் வரும். பெட்டியில் பத்திரமாக வைத்தால் தானாகப் பொடிந்துவிடும். காலணித் தொழிலில் இருக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் பத்திரமாகத்தான் வைத்தேன். நான் பத்திரப்படுத்திய எது உருப்பட்டிருக்கிறது, சொல்லு.

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் நம் இருவருக்கும் ஒரே மேஜை. தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பது நம் வேலை. அறை முழுக்க ஆண்கள், பெண்கள் நாம் இரண்டே பேர். நான் வேலூரில் இருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்து சேர்வேன். நீ அதற்குள் பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, "வா ராணி, பல்லாக்கு வந்துச்சா?" என்று ஆரம்பிப்பாய்.

உன் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்திருந்தாய். சாம்பிள் கெட்டுப்போனால் மற்றவர்கள் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் கழிவுத் தோல் மூட்டையில் புதைப்பார்கள். நீ உன்னுடையதை அந்த ஆணியில் ஊரறியத் தொங்கவிடுவாய். கோணல் ஆணி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒருநாள் நான் பயந்துபோய்க் கேட்டேன்.

"மானம் போகலையாடி உனக்கு?"

"நல்லா வந்தது ஆர்டர் குடுத்த பையருக்குப் போய்டுது. கெட்டுப்போனதுதான் நமக்கு மிச்சம். அதையும் தூக்கிப் போட்டா அப்புறம் இன்னாத்த கத்துக்கறது?"

கொஞ்ச நாளில் மற்றவர்களும் தங்கள் கோணலை அங்கே கொண்டுவந்து மாட்டத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆணியடியில்தான் கூட்டம். யாருடைய கோணல் என்று கேட்பதில்லை, எங்கே கோணியது என்றுதான் பேச்சு.

பிறகு உனக்குக் கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்குப் போனாய். மாமியார் படுத்த படுக்கை, கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம் வராது. வேலையை விட்டாய். எனக்கும் கல்யாணமாகி வேலூரிலேயே சத்துவாச்சாரிக்கு வந்தேன், ராணிப்பேட்டையில் வேறொரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் வேலை கிடைத்தது. கொஞ்ச வருடம் நமக்குள் பேச்சே இல்லை. பக்ரீத்துக்கு ஒரு கார்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் ஒருநாள் ஃபோன் செய்தாய். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"ஸ்டெல்லா, ஆணி அடிச்சிட்டேன்டி!"

"எங்கடி?"

"கம்ப்யூட்டர்ல!"

உன் வீட்டுக்காரர் முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர் வைத்து ப்ரவுசிங் சென்டர் தொடங்கியிருந்தார். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஆடும். அந்த இரண்டு மணி நேரத்தை அவர் உனக்கு விட்டுக்கொடுத்தார். நீ இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் காலணி வடிவமைப்பவர்களுக்கென்று ஒரு குழுமம் திறந்தாய். பெயர், கோணல் ஜோடி. புதிதாக வருகிறவர் தன் பெயரையோ பதவியையோ சொல்லத் தேவையில்லை. தான் கெடுத்த ஒரு ஜோடியின் படத்தைப் போட்டால் போதும். உள்ளே இருக்கிறவர்கள் அதற்கு அன்றைக்கே பதில் போட வேண்டும். பதிலும் உன் கணக்குப்படிதான்: நல்லது ஒண்ணு, கோணல் ஒண்ணு, வழி ஒண்ணு. தனி மெயிலில் யாரும் யாருக்கும் வழி சொல்லக் கூடாது. "ஒருத்திக்குச் சொல்றது எல்லார் காதுலயும் விழணும்" என்றாய்.

ராணிப்பேட்டையில் தோல் வெட்டும் ஒருவர் போட்ட படம் உனக்கு நினைவிருக்கிறதா? அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்ட மறந்து, அழகாக ஒரு ஜோடி தைத்து முடித்திருந்தார். இரண்டுமே இடது கால். நாங்கள் எல்லோரும் என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது நீ எழுதினாய்: "நல்லது ஒண்ணு, ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு. கோணல் ஒண்ணு, போட்டுக்க ரெண்டு பேர் வேணும். வழி ஒண்ணு, அட்டையோட ஒரு பக்கத்துல சிவப்பு மார்க் போடுங்க, வெட்டறதுக்கு முன்னாடி சிவப்பு மேல இருக்கா, கீழ இருக்கான்னு பாருங்க." நான் ஆபீசில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிவப்பு மார்க்கை நம் பக்கத்து எத்தனை கட்டிங் மேஜையில் பிறகு பார்த்தேன் தெரியுமா? யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் போடறாங்க, நாங்களும் போடறோம் என்பார்கள்.

வாணியம்பாடியில் இருந்து, ஆம்பூரில் இருந்து, தெரியாத ஊர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அப்போது வேறு தளங்களும் இருந்தன. பளபளவென்று முடிந்த ஷூக்களின் படம், அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. அங்கே போனால் நாமெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம். நீ கட்டிய இடத்தில் மட்டும் வாயைத் திறந்தோம். ஒரு தடவை சிரிப்பு வாங்கிக்கொண்டுதான் எல்லோருமே உள்ளே வந்திருந்தோம், அதனால் யாருக்கும் யாரிடமும் கூச்சமில்லை. இது இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது.

உனக்கு அந்தக் குழுமம் என்ன என்பது மட்டும் எனக்கு அப்போதே தெரியும். நீயே சொன்னாய். "நாலு மணிக்கு மேல நான் இந்த ஊட்டு மருமக. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் டிசைனர். அந்த ரெண்டு மணி நேரம் இல்லன்னா பேஜாராய்டும்டி எனக்கு." தெரிந்திருந்தும்தான் நான் செய்ததைச் செய்தேன்.

இப்படி ஏழெட்டு வருடம் ஓடிய பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை வேலூருக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டும் என்றார்கள். முதல் வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாய். சோர்ந்துபோன முகம், ஆனாலும் கிண்டல் குறையவில்லை. பேட்டர்ன் அட்டையில் ஒரு துண்டு கிழித்து அதில் குழுமத்தை நடத்தும் உன் ஐடியின் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாய்.

"நான் சரியாகிற வரைக்கும் நீ பாத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு. புதுசா வர்றவங்களுக்கு அன்னிக்கே பதில் போட்டுடு. கோணலைக் காட்டிட்டு, பதில் வர்லன்னு உக்காந்திருக்கறது ரொம்ப அசிங்கமா இருக்கும்டி."

"நீ கவலையே படாத" என்றேன். வாய்க்கென்ன, சொல்லிவிட்டது.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் ஒருவர் போட்ட கோணல் ஜோடியில் பையரின் டேக் அப்படியே தெரிந்துவிட்டது. அடுத்த சீசனுக்கான டிசைன், வெளியே வரவே கூடாதது. விஷயம் எப்படியோ சுற்றி எங்கள் மேனேஜர் காதுக்கு வந்தது. கூப்பிட்டார்.

"அந்தக் குரூப்பை நடத்தறது நீங்கதானாமே? இன்னொரு டேக் வெளிய வந்துச்சு, நீங்க அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வர வேணாம்."

அன்றைக்கே உட்கார்ந்து, நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் எந்தப் படமும் உள்ளே வரும் என்று மாற்றினேன். பத்திரத்துக்காகப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். உன்னைப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், சொல்லவில்லை. பதினைந்து வருடம் ஷூ கம்பெனியில் இருந்தவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? பையரின் ஒப்புதல் டேக்கும் முத்திரையும் இல்லாத சாம்பிளை வைத்து நாங்கள் கையகலத் தோல்கூட வெட்ட மாட்டோமே. அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் உன் ஆணியில் மாட்டினேன்.

முதலில் டேக் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். பிறகு படம் மங்கலாக இருந்தால் திருப்பினேன். பிறகு, இவ்வளவு மோசமான தையலைப் போட்டால் நம் பக்கத்து மானம் என்ன ஆவது என்று திருப்பினேன். நல்லதாக வந்தவற்றுக்கு மட்டும் வழி விட்டேன். நல்லதுக்கு என்ன பதில் போடுவார்கள்? சூப்பர் என்று போட்டார்கள். கொஞ்ச நாளில் அதையும் போடவில்லை. சாம்பிள் சீசன் வந்தது, தலைக்கு மேல் வேலை, ஒப்புதலுக்காகக் காத்திருந்தவற்றை வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். குழுமம் அமைதியாக இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று எனக்கு உள்ளூர நிம்மதி வேறு.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஆபீசில் ஒரு கையால் தயிர்சாதம் தின்றுகொண்டே திறந்தேன். காத்திருந்தவற்றில் ஒன்று, யாரோ புதியவர். ஐடி முழுக்க எண்கள். ஃபோனில் எடுத்த ஆட்டம் கண்ட படம். மொசைக் தரையில் ஒரு ஜோடி செருப்பு, அகலமாக, விரிந்துபோய், மேலே மூன்று வெல்க்ரோ பட்டைகள். பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. கீழே ஒரே வரி: பின்னாடி உரசுது, எங்க வெட்டணும்?

இரண்டு பொத்தான்கள் இருந்தன. வேண்டாம் என்பதை அழுத்தினேன். கூடவே, இப்படி வருகிறவர்களுக்கென்று தயாராக எழுதி வைத்திருந்த வரியும் போயிற்று: படம் தெளிவாக இல்லை, முழுமை பெற்ற வடிவமைப்புகளை மட்டும் அனுப்பவும். அப்புறம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

சாம்பிள்கள் விமானம் ஏறிய பிறகுதான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் வீட்டில் இருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்கு எனக்கு இரண்டு மாதம் நேரம் கிடைக்கவில்லை. நீ மெஷினில் இருந்து இறங்கிக் கட்டிலில் சாய்ந்திருந்தாய். அருகில் உன் அக்கா, நீ ஆப்பா என்று கூப்பிடுகிறவர், ஆரஞ்சு உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தார். உனக்குத்தான் அதெல்லாம் கூடாதே. உன் கணுக்காலுக்குப் பின்னால் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"இன்னாடி இது?"

"உரசிடுச்சு. நானே வெட்டின செருப்பு, நம்மூர் ஆளுகிட்ட குடுத்துத் தெச்சது. இங்க காலையில வர்றப்போ காலு பானையாட்டம் இருக்கும். மெஷின்ல இருந்து இறங்கினா கம்மியாய்டும். எந்தச் செருப்பு அதுக்குச் சேரும்? இங்க வர்ற பாதிப் பொம்பளைங்க வெறுங்கால்லதான்டி நடக்கறாங்க. அதான், இறுக்கி விரிச்சுப் போடற மாதிரி ஒண்ணு போட்டுப் பாத்தேன்."

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மொசைக் தரை. அகலமான ஜோடி. மூன்று வெல்க்ரோ பட்டைகள்.

நான் குனிந்தவள் நிமிரவில்லை. நீ என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"அரே... நீதானா அது? கம்ப்யூட்டரே தானா அனுப்பிடுச்சுன்னு நெனச்சேன்."

"உன் ஐடி... ஏன்டி வேற ஐடில..."

"என்னுது தெறக்கல. பாஸ்வேர்டை நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன், இந்த மருந்து அப்டி. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்க ப்ரவுசிங்ல புதுசா போட்டுக் குடுத்தாங்க." அப்புறம் சிரித்தாய். "படம் தெளிவா இல்லதான். கை ஜாஸ்தி நடுங்குது."

திட்டியிருக்கலாம் நீ. ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். டேக் வெளியே வந்தது, மேனேஜர் மிரட்டியது, ஒப்புதல் வைத்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாய். "டேக்கை மறைச்சுட்டுப் போடுங்கன்னு ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சுதே" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்ன குறை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பின்பக்கத்துக்கு வழி ரொம்பச் சுளுவுடி, நீ..." என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினாய்.

"இங்க சொல்லாத. குழுவுல போடு. வேற யாருக்காவது உதவும்ல? நான் வெள்ளிக்கிழமை தெளிவா எடுத்துத் திரும்பப் போடறேன், நீ அன்னிக்கே பதில் போட்டுடு."

"சத்தியமா" என்றேன்.

அன்று மாலையே ஒப்புதலை எடுத்துவிட்டேன். பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்தேன். எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்: வாருங்கள், கோணலைப் போடுங்கள், நான் பார்த்து நிறுத்த மாட்டேன். ஒருவர்கூட வரவில்லை. இரண்டு இடது கால் தைத்தவரின் தம்பியை எங்கள் கேண்டீனில் பிடித்துக் கேட்டேன். "அண்ணன் ரெண்டு தபா போட்டாராம், திரும்பி வந்துச்சாம். இனிமே எதுக்குன்னு உட்டுட்டார் மேடம்" என்றான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உன் பழைய படத்துக்குக் கீழேயே பதில் எழுதலாமா என்று தேடினேன். திருப்பி அனுப்பியதை அந்தத் தளம் வைத்துக்கொள்வதில்லையாம், அழித்துவிடுமாம்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து திறந்து திறந்து பார்த்தேன். பதிலைக்கூட எழுதித் தயாராக வைத்திருந்தேன். நீ போடவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். வியாழக்கிழமையே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதாம், ஞாயிறு விடியலில் போய்விட்டாயாம். நான் பேரணாம்பட்டு வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். ஆப்பாதான் இந்தப் பையைக் கொடுத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. இன்னாமோ பதில் வரணும்னா" என்றார்.

குழுமம் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தது, ஆள் இல்லாமல். பதில் போட என்னிடம் இருந்தது, கேட்க யாரும் இல்லை. பிறகு அந்தத் தளத்துக்காரர்கள் இந்த மாதிரி குழுமங்கள் எல்லாவற்றையும் மூடப்போவதாக ஒரு மெயில் அனுப்பினார்கள். யாரிடம் போய்க் கேட்பது, எங்கே மனுக் கொடுப்பது? ஒருநாள் திறந்தேன், இல்லை.

இப்போது எங்கள் செக்ஷன் பெண்கள் ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். காலையில் பூங்கொத்து, பிறந்தநாளைக்குக் கேக். போன மாதம் புதிதாக வந்த பெண் ஒருத்தி, மூக்கு கோணிய ஒரு ஷூவின் படத்தைப் போட்டு, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டாள். நான் கேண்டீனில் நின்ற இடத்தில் நின்று பதில் எழுதினேன், டீ ஆறிப்போயிற்று. யார் எதைக் கேட்டாலும் அன்றைக்கே போட்டுவிடுகிறேன். மேடத்துக்கு வேற வேலை இல்ல என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. பேசட்டும். இதெல்லாம் உன் கணக்கில் சேராது என்பதும் எனக்குத் தெரியும்.

தரையில் கொட்டிய மாவைக் கூட்டி அள்ளிவிட்டேன். மேல்தோல் மேஜைமேல் இருக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். உன் படத்துக்குக் கீழே போட வேண்டியது இது. போட இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நல்லது ஒண்ணு. காலுக்குத் தகுந்தாற்போல் செருப்பு மாறுகிறது, செருப்புக்காகக் காலை மாறச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் வரைந்ததில்லை.

கோணல் ஒண்ணு. பின்பக்கம் உயரம் ஜாஸ்தி. வீங்கின காலில் தோல் மெல்லிசு, அது உரசத்தான் செய்யும்.

வழி ஒண்ணு. பின்பக்கத்தை ஐந்து மில்லிமீட்டர் இறக்கி வெட்டு, ஓரத்தை மடித்துத் தை. அவ்வளவுதான்டி. ஐந்து மில்லிமீட்டர்.